நூற்றுப் பதினாறாம் வீட்டின் கடல்

கேள்வி இதுதான்: "கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் வீட்டில் யாராவது, பிழைப்புக்காக இல்லாமல், பொழுதுபோக்குக்காகக் கடலில் மீன் பிடித்தார்களா?"

இதை ஏற்காட்டு மலையில் வீடு வீடாகப் போய்க் கேட்பது என் வேலை. மூன்று மாத ஒப்பந்தம். என் பட்டியலில் வாழவந்தி, நாகலூர், கரடியூர் மூன்றும் சேர்த்து நூற்றிருபது வீடுகள். கேள்வியை முடிப்பதற்குள் பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். நாகலூரில் கடை வைத்திருக்கும் ஒருவர், "ஏனுங்க, குழாயில தண்ணி வந்தே நாலு நாளாச்சு. நீங்க கடலக் கேக்கறீங்க?" என்றார். வாழவந்தி எங்கள் ஊர். பட்டியலில் என் சித்தி வீடும் இருந்தது. "மீனு புடிச்சீங்களான்னு கேக்கவா, சிவசக்தி, உன்னையக் காலேஜுக்கு அனுப்புனாங்க?" என்று சொல்லி டீ கொடுத்தாள். பிறகு, "இல்லைன்னு எழுதிக்கோ போ" என்றாள்.

மலையில் ஏன் கேட்கிறோம் என்பதைச் சேலத்தில் நடந்த பயிற்சியில் ஹரிஹரன் சார் விளக்கினார். எங்கள் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வையாளர். படகு வைத்துப் பிழைப்பவர்கள் கொண்டுவரும் மீன் துறைமுகத்தில் எடைக்கு வருகிறது. ஆசைக்குத் தூண்டில் போடுகிறவர் பிடிக்கும் மீன் எந்த எடையிலும் வராது. அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார், வருஷத்துக்கு எத்தனை முறை, எங்கே தங்குகிறார், எதற்குச் செலவழிக்கிறார், எத்தனை மீனை எடுக்கிறார், எத்தனையைத் திரும்ப விடுகிறார் என்பதெல்லாம் அவர் வீட்டில் கேட்டால்தான் தெரியும். அதனால் கடற்கரையோடு நிறுத்தாமல் மாநிலம் முழுக்கக் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் மலையில் ஒரு வீடு சொல்லும் பதில், கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் பதிலாக ஏறும். "இல்லைங்கறதும் பதில்தான். அதனால இல்லைன்னு வர்ற ஊட்டுலயும் நின்னு கேக்கணும்" என்று ஹரிஹரன் சார் இரண்டு முறை சொன்னார். என் நோட்டில் அதன் கீழ் கோடு போட்டிருக்கிறேன்.

நோட்டு என்பது மாலை வகுப்பு நோட்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் மேனகா டீச்சர் கம்ப்யூட்டரும் புள்ளிவிவரமும் சொல்லித் தருகிறார். ஐந்தரை முதல் ஏழு வரை. செய்த வேலையைத் தேதியும் நேரமும் போட்டு தினமும் எழுத வேண்டும் என்பது அவர் வைத்த விதி. நான் ஒரு நாளும் விட்டதில்லை. நவம்பர் பதினேழாம் தேதிக்கு நேராக, "கரடியூர், பதினோரு வீடு, 1.30 முதல் 2.50 வரை, முடிந்தது" என்று இருக்கிறது. அந்த வரி பொய்.

அன்று முழுக்கப் பனிமூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கினால் சாலையின் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. தூறல் வேறு. பட்டியலில் மிச்சமிருந்த பதினோரு வீடுகளும் காப்பித் தோட்டங்களுக்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தன. அங்கே சிக்னல் கிடைக்காது என்பதால் காகிதப் படிவம். மறுநாள் காலைக்குள் படிவக் கட்டை ஒப்படைக்க வேண்டும். நிழற்குடையில் உட்கார்ந்து யோசித்தேன். நூற்றொன்பது வீட்டில் கேட்டுவிட்டேன், நூற்றொன்பதும் இல்லை. இந்தப் பதினொன்று மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறது? கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயரத்தில் இருப்பவர்கள்.

படிவங்களை மடியில் வைத்து எழுதினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று நான்கு வீடுகளில் பதில் சொன்னவர் மனைவி என்று போட்டேன். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதினேன். இல்லை என்று வரும் வீட்டுக்கு நான்கு நிமிஷம்தான் ஆகும். ஆமாம் என்றால்தான் மேலே நாற்பத்தொரு கேள்விகள். வீட்டுக்கு வீடு நடக்கும் நேரத்தைக்கூடக் கணக்கிட்டு இடைவெளி விட்டேன். பொய்யைத்தான் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்பது இப்போது நினைக்கும்போது தெரிகிறது.

டிசம்பர் முதல் வாரம் ஹரிஹரன் சார் போன் செய்தார்.

"சிவசக்தி, மறு சோதனைக்குக் குலுக்கல்ல உன் ஊடு மூணு வந்திருக்கும்மா. முப்பத்தொண்ணு, எழுபத்தெட்டு, நூத்திப் பதினாறு. அடுத்த திங்கக்கிழமை வரேன். எல்லாம் சரியா இருந்துச்சுன்னா படிவம் சோதிக்கற ஆளுக்கு உன் பேரத்தான் எழுதியிருக்கேன். ஒரு வருஷ வேலை. சேலம் ஆபீஸ்."

நூற்றுப் பதினாறு, அந்தப் பதினொன்றில் ஏழாவது.

விதி எனக்குத் தெரியும். ஒரு படிவம் போகாமல் எழுதியது என்று ஆனால் அந்த ஆள் எழுதிய அத்தனை படிவமும் தள்ளப்படும். அதாவது நான் மழையில் ஏறி இறங்கி உண்மையாகக் கேட்ட நூற்றொன்பதும் போகும். வேலையும் போகும். அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. மறுபடியும் ரிசார்ட்டில் போர்வையும் தலையணை உறையும் துவைக்கும் இடத்துக்கே போக வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் அங்கே இரண்டு வருஷம் இருந்தேன். அந்த அறையில் ஜன்னல் கிடையாது, சோப்பு ஆவி வெளியே போக ஒரு ஓட்டை மட்டும்.

ஒரு வழி தோன்றியது. இப்போது போய்க் கேட்டுவிட்டால்? இல்லை என்றுதான் சொல்லப் போகிறார்கள். அப்போது படிவத்தில் இருப்பது உண்மையாகிவிடும், தேதி மட்டும்தான் தப்பு. வியாழக்கிழமை மதியம் கரடியூர் பஸ் ஏறினேன்.

நூற்றுப் பதினாறாம் வீடு முனியப்பன் என்பவருடையது. ஐம்பது வயது இருக்கும். இரண்டு ஏக்கர் காப்பி, மரங்களில் மிளகுக்கொடி. அவர் மனைவி ராசாத்தி பக்கத்து எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போயிருந்தார். முனியப்பன் களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தார். முகமும் கழுத்தும் மலையில் இருக்கிறவருக்கு இல்லாத கறுப்பு. நான் அதை அப்போது கவனிக்கவில்லை. கேள்வியைக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கிளறுகிற கட்டையைக் கீழே வைத்தார்.

"யாரு கண்ணு உங்கிட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. எல்லா ஊட்டுலயும் கேக்கறதுங்க."

"எல்லா ஊட்டுலயுமா? பக்கத்தூட்டுச் சின்னராஜுகிட்டயும் கேட்டியா?"

சின்னராஜ் வீடு நூற்றுப் பதினேழு. அதையும் நான் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் சாலைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு என்னைப் பின்னால் இருந்த சாமான் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். உர மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சாக்கை இழுத்தார். உள்ளே மூன்று துண்டாகக் கழற்றி வைத்த தூண்டில் கம்பு, துணியில் சுற்றிய சுழல் ராட்டை, ஈயக்கட்டிகள் போட்ட ஒரு பிஸ்கட் டப்பா.

"மாசம் ஒருக்கா கடலூர் போறனுங்க" என்றார். திடீரென்று எனக்கு மரியாதை கொடுத்தார். "முன்ன இங்க எஸ்டேட்டுல கணக்கு எழுத ஸ்தனிஸ்லாஸ்னு ஒரு ரைட்டர் இருந்தாரு. அவரு ஊரு கடலூரு. அவரு ரிட்டையரு ஆகிப் போறப்ப சாமான் ஏத்திக்கிட்டுக் கூடப் போனேன். மக்யா நாளு காலையில ஆறும் கடலும் சேர்ற எடத்துல, கல்லுக் கொட்டி வெச்சிருப்பாங்க, அங்க உக்கார வெச்சு தூண்டிலக் கையில குடுத்தாரு. ஆறு வருசமாச்சு."

"ஊட்டுல?"

"முதுகு வைத்தியத்துக்குச் சேலம் போறேன்னு சொல்லியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"அவளுக்குத் தண்ணின்னா ஆகாது கண்ணு. அவ தம்பி மேட்டூர்ல முழுகிப் போனான். நான் கடல் ஓரத்துல கல்லு மேல உக்கார்றேன்னு தெரிஞ்சா அவ சோறு திங்க மாட்டா. எழுதிராத சாமி. இல்லைன்னே எழுதிக்கோ."

நான் உடனே சரி என்றேன். திங்கட்கிழமை ஒரு சார் வருவார், அவரிடமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். இந்த ஊட்டுக்குப் பொண்ணு வந்துச்சா என்று கேட்பார், வந்தது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட வேண்டியவள் நான்தான். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பதில், அது ஏற்கனவே படிவத்தில் இருந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

கிளம்பியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவர்தான் கேட்டார்: "ஆமான்னு சொன்னா என்ன கேப்பீங்க?"

நாற்பத்தொரு கேள்விகளையும் கேட்டேன். எழுதாமல் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். போன வருஷம் பன்னிரண்டு தடவை போனார், தையில் இரண்டு, ஐப்பசியில் இல்லை. இரைக்கு இறால், கரையில் ஒரு அம்மாளிடம் வாங்குவார். தங்குவதில்லை, ராத்திரி பஸ்ஸில் போய் மறுநாள் பஸ்ஸில் திரும்புவார். கொடுவா, பாறை, கெளுத்தி. மொத்தம் நாற்பத்து மூன்று.

"வீட்டுக்குக் கொண்டு வந்தது?"

"ஒண்ணுமில்லீங்க. வாடை காட்டிக் குடுத்துரும். இறால் விக்கற அம்மாவுக்கே குடுத்துருவேன்."

"திரும்பக் கடலில் விட்டது?"

"இருவத்தொம்போது." யோசிக்கவே இல்லை. "சின்னதெல்லாம் விட்டுருவனுங்க. ஆவணியில ஒரு கொடுவா. இந்தா, என் கை நீளம். வயித்துல சினை. ஒரு மணி நேரம் இழுத்தேன். பாத்துட்டு விட்டுட்டேன். ஸ்தனிஸ்லாஸ் ரைட்டரு ஒரு வாரம் என்கூடப் போன்ல பேசல." ராட்டையை எடுத்து மறுபடியும் துணியில் சுற்றினார். "புடிச்சது எத்தனைன்னு கேக்கறதுக்கு அங்க ஆளு இருக்குது. விட்டது எத்தனைன்னு இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்லீங்க."

கடலில் அறுந்து விழுந்த தூண்டில் நரம்பு, ஈயம் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அதற்கு மட்டும் தயங்கினார். கல்லில் சிக்கி அறுந்துவிடும், ஒரு தடவைக்கு இரண்டு ஈயக்கட்டி என்றார். "அது தப்புதானுங்களா?" என்று கேட்டார். தப்பா சரியா என்று கேள்வித்தாளில் இல்லை என்றேன்.

அன்று வகுப்பில் மேனகா டீச்சரிடம் வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். மலையில் ஒரே ஒரு ஆள் கடலுக்குப் போகிறார். அவரை எழுதினால் நானூற்றுப் பன்னிரண்டு ஆள் போவதாக ஆகிவிடும். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மாசாமாசம் கடலூர் போய், சினைக் கொடுவாவை விட்டு, கல்லில் ஈயத்தை அறுத்துக்கொண்டு வருவதாக ஆகும். அது பெரிய பொய் இல்லையா? இல்லை என்று எழுதுவதுதானே உண்மைக்குக் கிட்டே?

டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த மலையில மட்டும் பார்த்தா நீ சொல்றது சரி மாதிரி இருக்கும். கொல்லிமலையில ஒருத்தர் இருந்து அவர் குலுக்கல்ல வராமப் போயிருப்பார். பச்சமலையில ஒருத்தர். அவங்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் இவர் நிக்கறார். இவரையும் அடிச்சுட்டா அத்தனை பேரும் கிடையாது. எல்லா மலையிலயும் ஒரு புள்ளை நிழற்குடையில உக்காந்து இல்லைன்னு எழுதிட்டா, கடல்ல அந்த மீனை எடுத்தது யாரு?"

நிழற்குடை என்று நான் சொல்லவே இல்லை. மலையில் வேறு எங்கே உட்கார முடியும் என்று யோசித்திருப்பார். அல்லது டீச்சருக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

திங்கட்கிழமை ஹரிஹரன் சார் பைக்கில் வந்தார். சோதனைக்குப் போகும்போது எழுதியவர் கூட வரக் கூடாது. ஆனால் கரடியூரில் தோட்டத்துக்குள் வழி தெரியாது என்று என்னை ஏற்றிக்கொண்டார். "காட்டிட்டு ஓரமா நின்னுக்கோ, வாயத் திறக்காத" என்றார். முப்பத்தொன்று சரி. எழுபத்தெட்டு சரி. பன்னிரண்டரைக்கு முனியப்பன் வீட்டுக் களத்தில் நின்றோம்.

ராசாத்தி அன்று வீட்டில் இருந்தார். வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். ஹரிஹரன் சார் கேள்வியைப் படித்தார்.

முனியப்பன் என்னைப் பார்க்காமல், "இல்லீங்க" என்றார்.

ராசாத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க, இவரா? ஏற்காடு ஏரியில போட்டுல ஏறச் சொன்னாலே கரையில நிக்கற ஆளுங்க. முதுகு வலிக்காரரு. அவரப் போயி."

முனியப்பனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். விட்ட இருபத்தொன்பதும் அதோடு இல்லாமல் போயின.

"சரிங்க. இந்தப் பொண்ணு இதுக்கு முன்ன வந்து கேட்டுச்சுங்களா?"

"வந்துச்சுங்க" என்றார் முனியப்பன் அவசரமாக. எனக்கு உதவ வேண்டும் என்ற அவசரம். "நொம்ப நல்லா கேட்டுச்சுங்க. ஒரு மணி நேரம் உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு."

ஹரிஹரன் சார் படிவத்தைப் பார்த்தார். ஆரம்பம் 2.10, முடிவு 2.14.

"ஒரு மணி நேரமா? இல்லைன்னு சொல்றதுக்கா?"

"எப்ப வந்துச்சு?" என்றார் ராசாத்தி. "எனக்குத் தெரியாம?"

"போன வியாழக்கெழம. நீ பறிப்புக்குப் போயிருந்த."

படிவத்தில் தேதி நவம்பர் பதினேழு. பதில் சொன்னவர் மனைவி. முனியப்பனுக்கு அது எதுவும் தெரியாது. நான் சொல்லித் தந்தது ஒரே ஒரு பொய், அதை அவர் சரியாகச் சொன்னார். மீதியெல்லாம் உண்மையைச் சொன்னார். நான் களத்து ஓரத்தில் காப்பியை மிதித்துக்கொண்டு நின்றிருந்தேன். ராசாத்தி, "தள்ளி நில்லு கண்ணு" என்றார்.

ஹரிஹரன் சார் நன்றி சொல்லி, படிவத்தை மடித்து, பைக் நிறுத்திய இடத்துக்கு நடந்தார். பைக் சீட்டின் மேல் சோதனைத் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். பதில் ஒத்துப்போகிறது, டிக். குறிப்பு என்ற இடத்தில், "நேரம், நாள் குறித்துப் பதிலளித்தவருக்கு நினைவுத் தெளிவில்லை."

"சார்."

"உன் நூத்தியிருவதும் போச்சுன்னா என் பகுதிக் கணக்குல ஓட்ட விழுது. ஜனவரிக்குள்ள வேற ஆளப் புடிச்சு மறுபடியும் ஏத்தணும். என்னைய யாரு விடுவா? பதில் இல்லை, இங்கயும் இல்லை. ஒத்துப்போச்சு. கீழ ஒரு கையெழுத்துப் போடும்மா, வழி காட்டுனதுக்கு."

பேனாவை நீட்டினார். அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் நான் சேலத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய இல்லைகளைச் சோதிப்பேன். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது இவர் முகம் எனக்கும், என் முகம் இவருக்கும் நினைவு வரும். இவர் டிக் போடச் சொல்கிற இடத்திலெல்லாம் போட வேண்டியிருக்கும். ரிசார்ட் அறையில் ஆவி போக ஒரு ஓட்டையாவது இருந்தது.

"சார், அந்தப் பதினோரு ஊட்டுக்கும் நான் அன்னிக்குப் போகலைங்க."

"காத்து அடிக்குது, எனக்குக் காது கேக்கல."

காற்றே இல்லை. நான் இன்னொரு முறை சொன்னேன். வீட்டு எண்களையும் வரிசையாகச் சொன்னேன், நூற்றுப் பத்து முதல் நூற்றிருபது வரை.

அவர் பேனாவைத் திரும்ப வாங்கி மூடினார். "நூத்தி ஒம்போது ஊடு உண்மையாக் கேட்டிருக்கே. அதையும் சேத்துக் கொல்ற. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அந்த ஆளு கடலுக்குப் போறாரா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்றால் ராசாத்தி வரைக்கும் போகும். இல்லை என்றால் மறுபடியும் அதே பொய்.

"அது அவரு வாயால சொல்ல வேண்டியதுங்க சார்."

பிறகு பேனாவைத் திறந்து, போட்டிருந்த டிக்கைக் கோடிட்டு அழித்துவிட்டு, பதினோரு வீட்டுக்கும் போகவில்லை என்று எழுதினார். இந்த முறை நான் கையெழுத்துப் போட்டேன். பைக்கில் ஏறச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதே நிழற்குடையில்தான் உட்கார்ந்தேன். நோட்டில் நவம்பர் பதினேழாம் தேதி வரியை அடித்து, பக்கத்தில் அன்றைய தேதியும் நேரமும் போட்டேன்.

இப்போது ரிசார்ட்டில் இருக்கிறேன். காலை ஏழு முதல் நாலரை வரை. வகுப்பை விடவில்லை. போன வெள்ளிக்கிழமை ஐந்து இருபதுக்குப் பஸ் ஸ்டாண்டில் முனியப்பன் சேலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். தோளில் அதே சாக்கு. என்னைப் பார்த்ததும் சாக்கைக் காலுக்குப் பின்னால் தள்ளினார். பிறகு என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, முன்னால் இழுத்துக்கொண்டார்.

"முதுகு வைத்தியமுங்களா?" என்றேன்.

"ஆமாங்க, நொம்ப வலி." சிரித்தார். பிறகு, "என்னால உம் வேல போச்சாமா கண்ணு" என்றார்.

"உங்களால இல்லீங்க. நான் மொதல்லயே வராததால."

அவர் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். "மறுபடியும் வருவாங்களா?"

"எல்லா ஊட்டுக்கும் வருவாங்க. வேற ஆளு. ஜனவரிக்குள்ள."

"எந்தக் கெழம?"

"சொல்லிட்டு வர மாட்டாங்க."

"ராசாத்தி இருக்கறப்ப வந்துட்டா?"

இருந்தால் அவருக்கு முன்னால்தான் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னேன். பஸ் வந்தது. அவர் சாக்கை முதலில் ஏற்றிவிட்டு, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அந்த விட்டது எத்தனைன்னு ஒரு கேள்வி இருந்துச்சே. அத அவங்களும் கேப்பாங்களா?"

"ஆமாம்னு சொன்னாத்தாங்க கேப்பாங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். முனியப்பன் ஏறி, பின் சீட்டில் சாக்கைக் கால்களுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்தார். பஸ் திரும்பும் வரை வலது கை விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். மணி ஐந்து இருபத்தெட்டு. நான் படியேறி வகுப்புக்குப் போனேன்.